இணையத்தில் இல்லாத கல்லறைகள்

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒரு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. தங்கள் குடும்பத்தின் வரலாற்றைத் தாங்களே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துக் குடியிருப்புகளில் வேலை செய்யும் எங்களிடம் வந்து, கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஏதாவது ஆவணம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வருவதற்கு முன்பே கல்லறைப் பதிவு இணையதளங்கள் எல்லாவற்றிலும் தேடி முடித்திருப்பார்கள். ‘ஒண்ணுமே இல்ல தோழர், நம்ம ஆளுங்களுக்கு ரெக்கார்டே கிடையாது’ என்பதுதான் அவர்கள் கொண்டுவரும் முடிவு.

அந்த முடிவோடு நாங்கள் உடன்படுவதில்லை. அந்தத் தளங்களில் நம் பெயர் இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்று கேட்டால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதினால்தான் குடும்ப வரலாறு முழுமையாகும்.

முதலில் அந்தத் தளங்கள் எப்படி உருவாயின என்று பார்ப்போம். ஃபைண்ட் எ கிரேவ் 1995-ல் அமெரிக்காவில் ஒரு தனி மனிதர் தொடங்கியது. 2013-ல் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் அதை வாங்கியது. பில்லியன் கிரேவ்ஸ் 2011-ல் வந்தது. இரண்டிலும் தன்னார்வலர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கல்லைப் படம் பிடித்து, அதிலிருக்கும் பெயரையும் தேதியையும் தட்டச்சு செய்து ஏற்றுகிறார்கள். 1976-ல் லண்டனில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம், 1998-ல் வந்த பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கமான ஃபிபிஸ் ஆகியவை இந்தியாவில் புதைக்கப்பட்ட ஐரோப்பியர்களைத் தேடும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை. அது அவர்கள் தேவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல் இருந்தால்தான் படம். அந்தக் கல்லை ஆங்கிலத்தில் படிக்க முடிந்தால்தான் பெரும்பாலும் பதிவு. இந்த இரண்டு சல்லடையிலும் நம் ஆட்கள் கீழே விழுந்துவிடுகிறார்கள்.

இணையத்துக்கு முன்பும் இதே கதைதான். ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905-ல் மெட்ராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளின் பெரும் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். இன்றுவரை ஆய்வாளர்கள் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். வரலாற்று அல்லது தொல்லியல் முக்கியத்துவம் உள்ளவை மட்டும் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். யாருடைய சாவு முக்கியம் என்பதைப் பட்டியல் போடுகிறவர் முடிவு செய்துவிட்டார். உள்ளே புரட்டினால் பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகள், ராணுவத்தினர், பாதிரிமார், அவர்களுடைய மனைவி மக்கள்.

உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஒரு கூர்கோபுரச் சமாதி இருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1680-களில் இறந்த ஒரு சிறுவன் அதில் இருக்கிறான். கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன். மத்தியத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கிறது. ஒரு குழந்தையின் கல்லறை முந்நூறு ஆண்டு தாண்டி நிற்பதில் நமக்கு வருத்தமில்லை. அதே 1680-களில் இதே கடற்கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டால் காட்டுவதற்கு ஒரு கல் கிடையாது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில் எசமானோடு நின்ற நாயின் பெயர்கூட, கோவிவன் என்று, பொறித்திருக்கிறது. கல்லில் பெயர் எழுதும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. யாருக்கு எழுதுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சரி, கல் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குப் போனால், வெளியே தரை முழுக்கப் பழைய கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். அவற்றின் அடியில் யாரும் இல்லை. அந்தக் கற்கள் இருந்தது மேலே சொன்ன சட்டக் கல்லூரி இடத்தில், பழைய ஆங்கிலேயர் இடுகாட்டில். 1758-59 பிரெஞ்சு முற்றுகையின்போது அங்கிருந்த உயரமான சமாதிகள் எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. பிறகு அவற்றை இடித்து, கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து பதித்தார்கள். ஒரு தன்னார்வலர் இந்தக் கற்களைப் படம் பிடித்து, ‘அடக்கம் செய்த இடம்: புனித மேரி தேவாலயம்’ என்று ஏற்றினால், படம் சரி, எழுத்து சரி, தகவல் தவறு.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம் இன்னொரு பாடம். அதை எல்லோரும் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் என்கிறோம். கல்லில் இருப்பதோ கே.ஏ.ஜே. ஷ்மிட். அந்த டேனிஷ் மாலுமியின் பெயர் காய். ஆங்கிலத்தில் அதை எழுதும் மூன்று எழுத்துகளும் மூன்று தலைப்பெழுத்துகளாகப் பிரிந்துவிட்டன. 1930 டிசம்பர் 30 அன்று மற்றவர்களைக் காப்பாற்றப் போய் அந்த இடத்துக்கு அருகே மூழ்கி இறந்தார் என்று கல் சொல்கிறது. அவரை அங்கே புதைத்ததாகக் கல் சொல்லவில்லை. ஆக, ஒரே கல்லை வைத்துக்கொண்டு பெயரில் ஒரு தவறும் இடத்தில் ஒரு தவறும் செய்ய முடியும். சமாதிக்கும் நினைவுச் சின்னத்துக்கும் வித்தியாசம் பார்க்காதவர்கள் தினமும் செய்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்கள் அங்கே எல்லாத் தலைமுறையிலும் உண்டு. அவர்களுக்கு அப்படியொரு வளைவு எழும்பவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

நம் தலைவர்களுக்கே வருவோம். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். அவருடைய சமாதி ஓட்டேரியில் இருக்கிறது. ‘உரிமைக் களம்’ என்று அதை அழைக்கிறோம். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருப்பது அரசு எழுப்பிய மணிமண்டபம். இரண்டும் வேறு வேறு. அடுத்தது பிறந்த ஆண்டு. 1859 என்றும் 1860 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். இங்கே ஒரு பொதுவிதி உதவும். சமாதிக் கல்லை வைப்பவர்கள் சாவுக்குச் சாட்சியாக இருந்தவர்கள், அல்லது அவர்களிடம் கேட்டவர்கள். அதனால் இறந்த தேதிக்குக் கல் நல்ல சான்று. பிறப்பின்போது அவர்களில் யாரும் உடனிருந்திருக்க மாட்டார்கள். அதனால் பிறந்த தேதிக்கு அது செவிவழிச் செய்தி. ஒருவர் இறந்து பல பத்தாண்டு கழித்துக் கட்சியோ அரசோ வைக்கும் பலகைக்கு அந்தப் பாதி மதிப்பும் இல்லை. பலகை வைத்தவர் எந்தப் புத்தகத்தைப் பார்த்தாரோ அதைத்தான் தேட வேண்டும். தாத்தாவே 1939-ல் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். பலகையைவிட அதுதான் நம் முதல் சான்று.

இனி, கல்லே இல்லாத நம் சமாதிகளைப் பார்ப்போம். தி.நகருக்குக் கண்ணம்மாபேட்டை, மயிலாப்பூருக்குக் கைலாசபுரம், ஐஸ் ஹவுஸ் பக்கத்துக்குக் கிருஷ்ணாம்பேட்டை, அடையாறுக்குப் பெசன்ட் நகர் என்று இந்தப் பகுதி மயானங்களைச் சொல்லலாம். சேரியிலிருந்து போகும் உடல்களில் பெரும்பாலானவை நெடுங்காலமாக மண்ணில்தான் போயின. மேலே ஒரு மண்மேடு, அதன்மேல் பூமாலை, மறுநாளோ மூன்றாம் நாளோ பால். வசதி இருந்தால் பிறகு செங்கல் வைத்துப் பூசி ஒரு சமாதி. வசதி இருந்த வீடுகள் குறைவு. இரண்டு மழைக்காலம் போனால் மேடு கரைந்துவிடும். இடப்பற்றாக்குறையில் அதே குழி இன்னொருவருக்குத் தோண்டப்படும். ‘அந்த வேப்ப மரத்துக்கு இந்தாண்ட’ என்று பாட்டி சொல்லும் அடையாளம்தான் மிஞ்சும். மரம் வெட்டப்பட்டால் அதுவும் போய்விடும்.

கல்லறைத் தோட்டம் இருந்த கிறித்தவ வீடுகளிலும் சாதி விடவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைத் தனியே பிரிக்கும் சுவர் பற்றி நாம் எத்தனையோ முறை எழுதியாயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கல்லைப் பதிவு செய்யும்போது, சுவருக்கு எந்தப் பக்கம் என்று எழுதாவிட்டால் அந்தப் பதிவு பாதி உண்மைதான். பில்லியன் கிரேவ்ஸின் செல்பேசிச் செயலி கல் இருக்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்துவிடுகிறது. சுவரைக் குறிப்பதற்கு அதில் கட்டம் இல்லை.

குடிசைகளை அகற்றிய அரசியலும் இதில் சேர்கிறது. 2000-த்தைத் தொடர்ந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே நம் மக்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்தே இறந்தார். வீடு போவதைப் பற்றி எல்லோரும் பேசினோம். இறந்தவர்கள் பழைய ஊரிலேயே தங்கிவிடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரும்பாக்கத்தில் இருக்கும் பேரனுக்கு மயிலாப்பூர் மயானத்தில் இருக்கும் தாத்தாவின் இடம் தெரிய வாய்ப்பே இல்லை. இடம் காட்டத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆனாலும் சான்றுகள் உண்டு. அவற்றைச் சான்று என்று நாமே மதிக்காததுதான் பிரச்சினை. சென்னை மாநகராட்சியின் இறப்புச் சான்றிதழை இணையத்திலேயே தேடி எடுக்க முடிகிறது. பெயர், தேதி, இறந்த இடம், தந்தை அல்லது கணவர் பெயர், பதிவு எண் எல்லாம் அதில் வரும். புதைத்த இடம் வராது. பலர் இதைக் கவனிக்காமல், சான்றிதழில் இருக்கும் மருத்துவமனையை அடக்க இடம்போல எழுதிவிடுகிறார்கள். புதைத்த இடத்துக்கு மயானத்தில் கொடுத்த ரசீதையோ அங்குள்ள பதிவேட்டையோதான் பார்க்க வேண்டும். பீரோவில் பழைய ரேஷன் அட்டையோடு அந்த ரசீது மடிந்து கிடக்கும்.

அடுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையும். இவற்றைப் போல நல்ல வம்சாவளி ஆவணம் வெள்ளைக்காரர் கல்லறையில்கூடக் கிடைக்காது என்று நாங்கள் அடித்துச் சொல்வோம். மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரன் வரை வரிசையாக இருக்கும். மூத்த தாரத்துப் பிள்ளைகளை எங்கே போட்டார்கள், காதல் திருமணம் செய்து போன மகளின் பெயர் இருக்கிறதா இல்லையா, எந்தக் கட்சிக் கொடி, அம்பேத்கர் படமா அம்மன் படமா என்று ஒரு குடும்பத்தின் அரசியலே அதில் தெரியும். சுவரில் கிழிவதற்குள் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு மயானப் பணியாளர்கள். வெட்டியான் என்ற சாதிப் பெயரால் ஊர் அவர்களைக் கூப்பிடும். அவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். தலைமுறையாக அந்த வேலைக்குள் அடைக்கப்பட்டவர்கள். எந்த வரிசையில் எந்தக் குடும்பம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது. அவர்களைப் பேட்டி எடுத்தால் ‘தகவலாளி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு, எத்தனை ஆண்டு அங்கே வேலை செய்கிறார், எந்த நாளில் சொன்னார் என்று எழுதுங்கள். பேராசிரியரின் நூலை மேற்கோள் காட்டும்போது ஆசிரியர் பெயரை விடுவோமா?

மேற்கோள் காட்டும் முறையில் நாங்கள் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: நீங்கள் கண்ணால் பார்த்தது எதுவோ அதை எழுதுங்கள். கல்லைப் பார்த்தீர்களா, கல்லின் படத்தைப் பார்த்தீர்களா, படத்தைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்ததைப் பார்த்தீர்களா, அதிலிருந்து எடுத்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தீர்களா? நான்கும் நான்கு தரம். ஃபைண்ட் எ கிரேவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நினைவு எண் உண்டு. அந்த எண், ஏற்றியவரின் பயனர் பெயர், கல்லின் படம் இருக்கிறதா இல்லையா, நீங்கள் பார்த்த நாள், இவ்வளவும் வேண்டும். படமே இல்லாமல் வாழ்க்கைக் குறிப்பு மட்டும் இருக்கும் பக்கங்கள் ஏராளம். அவற்றைக் கல்லறைச் சான்று என்று எழுதக் கூடாது. கல்லில் ‘மு. முனியன்’ என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள், தலைப்பெழுத்தை நீங்களாக விரிக்காதீர்கள். விரிவு உங்கள் ஊகம் என்றால், ஊகம் என்று சொல்லி எழுதுங்கள்.

கல் இல்லாத சமாதிக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். ‘கண்ணம்மாபேட்டை மயானம், கல் இல்லை, இடத்தைக் காட்டியவர் மூத்த மகன், பார்த்த நாள் இன்னது, இறப்புப் பதிவு எண் இன்னது, ரசீது குடும்பத்திடம் உள்ளது’ என்று எழுதினால் அது முறையான மேற்கோள்தான். தேடிக் கிடைக்காததையும் எழுதுங்கள். எந்தத் தளம், எந்த எழுத்துக்கூட்டல்கள், எந்த நாள், கிடைக்கவில்லை. நாளை இன்னொருவர் அதே தேடலைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

பழைய தேவாலயப் பதிவேடுகளில் தேடும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. மெட்ராஸ் மாகாணத் திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவுகளின் பிரதிகள் 1698-லிருந்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெருமளவு இணையத்துக்கும் வந்துவிட்டது. அவற்றில் தந்தை ஐரோப்பியராக இருக்கும் குழந்தையின் பதிவில் தாய்க்குப் பெயரே இல்லாமல் ‘ஒரு சுதேசிப் பெண்’ என்று மட்டும் இருப்பது சாதாரணம். சில இடங்களில் சாதி, பெயரின் ஒரு பகுதிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நாகரிகம் கருதி மாற்றி எழுதாதீர்கள். மேற்கோளில் இருந்தபடியே எழுதி, உங்கள் வாக்கியத்தில் உங்கள் சொல்லைப் பயன்படுத்துங்கள். எந்தப் பெயரில் பதியப்படுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை என்று முதலில் உணர்ந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியற்ற திராவிடர் என்று பதியச் சொன்னது அதனால்தான்.

இதெல்லாம் கல்லூரி மதிப்பெண்ணுக்கு என்று நினைப்பவர்கள் தேவிகுளம் வழக்கைப் படிக்க வேண்டும். கேரளத்தின் தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-ல் வென்றவர் ஏ. ராஜா. மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பத்தில் வந்தவர், இந்துப் பறையர் என்ற சான்றிதழோடு நின்றவர். அவர் கிறித்தவர், ஆகவே பட்டியல் சாதி இல்லை என்று எதிர்த்துப் போட்டியிட்டவர் வழக்குப் போட்டார். சாட்சியமாக வந்தவை எவை தெரியுமா? சி.எஸ்.ஐ. தேவாலயத்தின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாது என்றது. பதிவேடுகளில் இருந்த திருத்தங்களும் அடித்தெழுதல்களும் பெரிய வாதமாயின. தாத்தா பாட்டி 1950-க்கு முன்பே அங்கே குடியேறினார்களா என்பது இன்னொரு கேள்வி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவர் வெற்றியை உறுதி செய்தது. ஒரு பாட்டனார் எப்போது எங்கே வந்தார், வீட்டில் இறந்தவர் பெயரை யார் எந்தப் புத்தகத்தில் எழுதினார் என்பதில் ஒரு சட்டமன்ற இடமே தொங்கியது.

1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்கள் இன்றும் வெளியேதான். சென்னையில் சான்றிதழில் ஒரு மதமும் வழிபாட்டில் இன்னொரு மதமும் உள்ள வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். இந்த அநியாயமான ஆணை இருக்கும்வரை, சிலுவை பொறித்த ஒரு கல்லின் படத்தை முழுப் பெயரோடு இணையத்தில் ஏற்றுவது அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் எதிரான சாட்சியாக மாறலாம். நகரத்தில் சாதியைச் சொல்லாமல் வாடகை வீட்டில் வாழும் உறவினர்களும் இருக்கிறார்கள். நீங்கள் போடும் வம்சாவளி வரைபடம் அவர்கள் வீட்டு உரிமையாளர் கண்ணிலும் படும். எனவே படம் எடுங்கள், குறிப்பு எடுங்கள், குடும்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரிடமும் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம். வெளிப்படையாக நிற்பதுதான் போராட்டம் என்று சில தோழர்கள் வாதிடுவார்கள். தன் பெயரில் அப்படி நிற்கலாம், சித்தி பெயரில் நிற்க யாருக்கும் உரிமை கிடையாது.

பஞ்சமி நிலத்தைத் தேடும் குடும்பங்களுக்கு இந்த வேலை இன்னும் அவசரமானது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையை அடுத்து 1892-ல் அந்த நிலம் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிலம் பெற்றவரிடமிருந்து இன்றைய பேரன்வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் இறப்பையும் வாரிசையும் காட்டியாக வேண்டும். சமாதிக் கல் மட்டும் வருவாய்த் துறையில் நிற்காது. இறப்புப் பதிவு, வாரிசுச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு என்று மற்றவற்றோடு சேர்ந்தால் தேதியில் இருக்கும் ஓட்டையை அடைக்க உதவும். சில குடும்பங்களில் நடுவில் ஒரு தலைமுறைக்கு எந்தத் தாளும் இருக்காது. சமாதியில் சிமென்ட் காய்வதற்குள் ஆணியால் கீறிய ஒரு தேதி மட்டும் இருக்கும்.

மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இந்த இரண்டு நாளிலும் பெரியவர்கள் தாங்களாகவே மயானத்துக்கு வருவார்கள், கேட்காமலே இடத்தைக் காட்டுவார்கள். கூடவே போங்கள். மண்மேடாக இருந்தாலும் நான்கு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்துச் சமாதிகளும் சுவரும் மரமும் தெரியும்படி. யார் காட்டினார், என்ன சொன்னார் என்பதை அன்று இரவே எழுதிவிடுங்கள். நோட்டில் எழுதினால் பென்சிலால் எழுதுங்கள். அங்கே எப்போதும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், பேனா மை கரைந்துவிடும்.